ஸ்டேண்டுக்கு ஒரு ப்ளேட்டு

தாராளமா வாங்கிப் பாருங்க தம்பி. கையெல்லாம் கீறாது. ஓரம் பூராவும் நானே அரம் போட்டு ராவி வெச்சிருக்கறனுங்க. அலுமினியந்தான், கனமே இருக்காது.

வண்டி சித்தோடு தாண்டுனதுல இருந்து நீங்க என்ற கையவே பாத்துட்டு வந்தீங்க. நானும் கவனிச்சேன். கேக்கறதுக்கு என்னங்க கூச்சம்? இது கேமராவுக்கு அடியில மாட்டற ப்ளேட்டு. கலியாணத்துல வீடியோ எடுக்கறவங்க மூணு கால் ஸ்டேண்டு ஒண்ணு வெப்பாங்கல்ல, அந்த ஸ்டேண்டுத் தலைல ஒரு காடி, பள்ளம் மாதிரி, இருக்கும். இந்த ப்ளேட்ட கேமராவுக்கு அடியில வெச்சுத் திருகிட்டு, அப்படியே காடிக்குள்ள தள்ளுனா டக்குனு உக்காந்துக்கும். அப்புறம் நீங்க புடிச்சு ஆட்டுனாலும் அசையாது. கடைல வாங்குனதுன்னுதான நெனச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. நானாச் செஞ்சதுங்க. இந்த ஈரோடு கோபி லைன்ல கையால ப்ளேட்டு செஞ்ச வீடியோக்காரன் நான் ஒருத்தன்தான். வேற எவனாச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க, பாக்கறேன்.

எதுக்குச் செஞ்சேன்னு கேளுங்க. குழந்தைவேலுன்னு ஒருத்தன். அவனாலதான். ஊருக்குள்ள என்னமோ சாமியப்பனுக்கு அவன் மேல பொறாமைன்னு பேசிக்கறாங்க. என்ற ஊட்டுக்காரி ருக்குமணியே சொல்றா. எனக்கென்னங்க பொறாமை? அவன் கால்ல போட்டிருக்கற செருப்பு என்ன நெறம்னுகூட நான் பாக்கறதில்ல. காப்பிக்கொட்டை கலர்ல ஒண்ணு, குதிகால் தேஞ்சது, அதையே போட்டுட்டுத் திரிவான்.

நானும் அவனும் கூட்டாளிங்க. கவுந்தப்பாடில ஒண்ணாக் கடை வெச்சிருந்தோம். கேமரா ரெண்டு. ஒண்ண அவன் தோள்ல தூக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள பூந்து பூந்து எடுப்பான். இன்னொண்ண நான் ஸ்டேண்டுல போட்டு மணவறையப் புடிப்பேன். இப்ப நீங்களே சொல்லுங்க, எது கஷ்டம்? நடந்துட்டு எடுக்கறதா, நின்னு எடுக்கறதா? அவன் எடுத்ததப் போட்டுப் பாத்தா மாட்டு வண்டில போற மாதிரி ஆடும். நான் எடுத்தது செவுத்துல மாட்டுன படமாட்டம் நிக்கும். ஆனா சனம் எதப் பாத்து வாயப் பொளந்துச்சுங்கறீங்க? அவன் எடுத்ததத்தான். "அவுரு எடுத்தா, எதுக்குமே சிரிக்காத எங்க பெரியப்பன்கூட சிரிக்கறாருங்க"ங்கறாங்க. சிரிக்க வெக்கறதா கேமராக்காரன் வேல? பெரியப்பன் சிரிச்சா என்ன, உம்முனு இருந்தா நமக்கென்ன? ஆடாம எடுக்கோணும். அதானுங்க தொழிலு.

ஒரு நா பெருந்துறைல இருந்து ஒருத்தரு கலியாணம் பேச வந்தாரு. கடைல நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கறோம். வந்தவரு என்னய ஒருக்காப் பாத்தாரு, அவன ஒருக்காப் பாத்தாரு. "இதுல குழந்தைவேலு யாருங்க? அவரே வரோணும்"னாரு. அவன் என்ன சொல்லியிருக்கோணும்? நாங்க ரெண்டு பேருமே வருவோமுங்கன்னுதான? சொன்னான். அதத்தான் சொன்னான். ஆனா சொல்றப்ப என்ற தோள்ல கையப் போட்டுட்டுச் சொன்னானுங்க. என்னமோ நான் அவங்கிட்டச் சம்பளத்துக்கு இருக்கற மாதிரி. அன்னிக்கே மனசு உட்டுப்போச்சு.

பிரிஞ்சுட்டோம். சண்டை சச்சரவு ஒண்ணும் இல்ல. ஆளுக்கொரு கேமரா, லைட்டு அவனுக்கு, ஸ்டேண்டு எனக்கு. அவன் அங்கயே இருந்துட்டான், நான் கோபில வந்து தனியாக் கடை போட்டேன். வந்து ஸ்டேண்ட விரிச்சுப் பாத்தா தலைல ப்ளேட்டு இல்லீங்க. ஸ்டேண்டுக்கு இருந்ததே ஒரே ப்ளேட்டு. பாகம் பிரிச்சப்ப, நான் ஸ்டேண்டுல போட்டிருந்த கேமரா அவன் பங்குக்குப் போச்சு, ப்ளேட்டும் அதுக்கு அடியில மாட்டுனபடியே போயிருச்சு. மறந்து போச்சுன்னு அவன் சொல்லுவான். மறக்கறவனாங்க அவன்?

சரி, போவுதுன்னு நானும் கேமராவக் கைல புடிச்சே எடுத்துட்டிருந்தேன். அப்படியே போயிருக்கும். எங்க சுகந்திக்குக் கலியாணம் வந்துச்சு பாருங்க, அங்கதான் வெனை.

சுகந்தி எங்கக்கா பாவாத்தா பொண்ணு. எங்களுக்குப் புள்ள குட்டி இல்லீங்க. அந்தப் புள்ளைய நாங்கதான் தூக்கி வளத்தோம்னு வெச்சுக்குங்களேன். பள்ளிக்கூடம் உட்டா நேரா எங்க கடைக்குத்தான் வரும். "என்ற கலியாணத்த நீங்கதானுங் மாமா எடுக்கோணும்"னு பாவாடை கட்டுன காலத்துலயே சொல்லி வெச்ச புள்ள. நானும் வாக்குக் குடுத்திருக்கறேன். ஆனா கடைக்கு வந்தா எங்கிட்டயா உக்காரும்? அவங்கிட்டப் போயி உக்காந்துக்கும். அவன் ஹெட்போன எடுத்துக் காதுல மாட்டி உடுவான், அது கெக்கெக்கேன்னு சிரிக்கும். அவனச் சித்தப்பான்னு கூப்புடும். எந்த வழில சித்தப்பன்? நான் அதுக்குச் சொந்தத் தாய்மாமன். அவன் எவன்? எங்க ஊட்டுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? அதக் கேட்டா ருக்குமணி, கொழந்தைகிட்டப் போயி என்னங்க சம்பந்தம் பேசறீங்கன்னு என்னயத்தான் வைவா.

கலியாணம் நிச்சயமானதும் எங்கக்கா மொத வெத்தலை பாக்கு எனக்குத்தான் கொண்டாந்து வெச்சா. அது முறை. எங்க பக்கத்துல தாய்மாமன் பொண்ணு நெத்தில பட்டம் கட்டோணுங்க. மெலிசான தகடு, ரெண்டு பக்கமும் நூலு இருக்கும். மாமன் அதக் கட்டுனாத்தான் மேல சீரு நடக்கும். மாமன் இல்லாத ஊட்டுலகூட மாமன் முறைல ஒருத்தரப் புடிச்சுட்டு வந்து நிறுத்துவாங்கன்னாப் பாத்துக்குங்க. அப்பேர்ப்பட்ட சீரு அது.

வெத்தலை பாக்க வெச்சுட்டு எங்கக்கா சொல்றா: "சாமியப்பா, நீ மாமனா நில்லு கண்ணு. பட்டம் கட்டற கைல கேமராவ வெச்சுட்டு நிக்க முடியுமா? வீடியோவக் குழந்தைவேலு எடுக்கட்டும். சுகந்தியும் அதத்தான் சொல்றா."

சுகந்தியும் அதத்தான் சொல்றாளாம். பாவாடை கட்டுனப்பச் சொன்னதெல்லாம் எங்க போச்சு? அன்னிக்குச் சோறு எறங்கல. அவன் எங்கூட்டுக் கலியாணத்துல கேமராவத் தூக்கிட்டுப் பூந்து பூந்து எடுப்பான், சனமெல்லாம் அவன் முன்னால பல்லக் காட்டும், நான் மாமன்னு தலைல உருமால் கட்டிட்டு மேல நின்னு அதப் பாத்துட்டிருக்கோணும். நடக்குமாங்க? யோசிச்சு யோசிச்சுக் கடைசில புடிபட்டுச்சு. கேமராவ ஸ்டேண்டுல வெச்சு பட்டன அமுத்திட்டு மேல ஏறிட்டா? அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குப் பட்டம் கட்டுவேன். ஒருத்தன் தயவும் வேண்டாம். ப்ளேட்டு ஒண்ணுதான் வேணும்.

இது எப்படியோ அவன் காதுக்குப் போயிருச்சு. எங்கக்காதான் ஓட்ட வாயி, சொல்லியிருப்பா. அவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? பழைய ப்ளேட்டப் பேப்பர்ல சுத்தி அக்காகிட்டக் குடுத்து உடறான். "அண்ணங்கிட்டக் குடுங்க, அன்னிக்கே குடுத்திருக்கோணும், மறந்துட்டேன், தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லுங்க"ன்னு. திமிரப் பாத்தீங்களா? நான் அந்தப் பேப்பரப் பிரிக்கவே இல்ல. அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன். ருக்குமணிக்குக் கோவம். அது நம்ம ஸ்டேண்டோடதுதானுங்க, நம்ம பொருளு நம்முளுக்கு வருதுங்கறா. அவளுக்கு என்ன தெரியும்? அவன் குடுத்த ப்ளேட்டுல என்ற கேமரா நின்னா, நாளைக்கு அந்தக் கலியாணமே அவன் எடுத்துக் குடுத்ததுன்னு ஆயிராதா?

அப்பத்தானுங்க இதச் செய்ய உக்காந்தேன்.

மொதல்ல கலியாணப் பத்திரிகை அட்டைய வெட்டிக் காடிக்குள்ள உட்டு அளவு எடுத்தேன். சுகந்தி பத்திரிகைதான், அதுல ஒரு கட்டு ஊட்டுல இருந்துச்சு. காடி நேரா இருக்காதுங்க, ரெண்டு பக்கமும் உள்ளுக்குச் சரிவா இருக்கும். அந்தச் சரிவுலதான் புடிமானமே. மரத்துல செதுக்கிப் பாத்தேன், இறுக்கறப்பவே விண்டு போச்சு. அப்புறம் ருக்குமணி காய் அரியற பலகை, ப்ளாஸ்டிக்குல கனமா இருக்குமே, அது கண்ணுல பட்டுச்சு. அறுத்துட்டேன். நல்லாத்தான் உக்காந்துச்சு, ஆனா திருகுனா வளையுது. ருக்குமணி தரையில வெச்சு வெங்காயம் அரிஞ்சுட்டு, எங்கூட ரெண்டு நாளாப் பேசல.

கடைசில லேத்துப் பட்டறைல ஒரு அலுமினியத் துண்டு வாங்கிட்டு வந்தேன். அவங்களே கடைஞ்சு தர்றோம்னாங்க. வேண்டாம்னுட்டேன். நாளைக்கு எவனும் பட்டறைல செஞ்சதுன்னு சொல்லீறக் கூடாது. ஆக்ஸா பிளேடு போட்டு நானே அறுத்தேன், நானே ராவுனேன். கொஞ்சம் ராவறது, காடில உட்டுப் பாக்கறது, எடுத்து மறுபடி ராவறது. கூட ஒரு இழுப்பு இழுத்துட்டா லொடலொடன்னு ஆயிரும். நடுவுல ஓட்டை போட்டு ஒரு கால் இஞ்சு போல்ட்டு. போல்ட்டு நீளமா இருந்தா கேமரா வயித்தக் குத்திரும், அதனால அதையும் அறுத்துக் குட்டையாக்குனேன். அப்பவும் கேமரா ப்ளேட்டு மேல திரும்புச்சு. சைக்கிள் டியூப்ப வெட்டி மேல ஒட்டுனேன் பாருங்க, அதோட செரியாப் போச்சு. தொட்டுப் பாருங்க, இந்தக் கறுப்பா இருக்கறது அதான். கேமராவ நம்பி வெக்க மனசு வராம, மொதல்ல ஒரு மரக்கட்டையத் திருகி, அதுல ரெண்டு செங்கல்லக் கட்டி வெச்சுப் பாத்தேன். நின்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. குழந்தைவேலால இது முடியுமா? அவனுக்கு அரம் எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது.

அக்காகிட்டத் திட்டமாச் சொல்லீட்டேன். வீடியோ நான்தான். அவன் கேமராவோட உள்ள வந்தான்னா, பட்டம் கட்ட வேற மாமனப் பாத்துக்கன்னு. செரி சாமீன்னுட்டுப் போயிட்டா.

கலியாணத்தன்னிக்கு மணவறைக்கு நேர் கீழ, மேடையை ஒட்டி, ஸ்டேண்டப் போட்டேன். ப்ளேட்டத் தள்ளுனேன், டக்குனு உக்காந்துச்சு. மணவறை முழுசும் விழுற மாதிரி வெச்சு பட்டன அமுத்திட்டேன். எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்பத்தான் அவன் வர்றான். கேமரா இல்ல, ஒண்ணுமில்ல. வெள்ளச் சட்டை, தோள்ல ஒரு துண்டு, கைல ஒரு பரிசுப் பொட்டலம். மணவறைல குனிஞ்ச தலையா உக்காந்திருக்கற சுகந்தி அவனப் பாத்ததும் மூஞ்சியெல்லாம் மலர்ந்து சிரிக்குதுங்க. அன்னிக்குக் காலைல இருந்து எனக்கு அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கல. நான் கேமராக்கிட்டவே நின்னிருந்தனே, என்னயப் பாக்க நேரம் இருந்துச்சுல்ல?

வந்தவன் போயிப் பந்தில உக்கார வேண்டியதுதான? இல்ல. நேரா வந்து என்ற ஸ்டேண்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டான். குனிஞ்சு ப்ளேட்டப் பாக்கறான். பாத்துட்டு என்னயப் பாத்துத் தலைய ஆட்டறான், நல்லாருக்குதுங்கற மாதிரி. யாருக்கு வேணும் அவன் சர்ட்டிபிகேட்டு?

அந்த நேரம் பாத்து அருமைக்காரரு, அவருதான் எங்க பக்கத்துல சீரெல்லாம் நடத்தி வெக்கறவரு, மாமன் வாங்கன்னு கூப்புட்டுட்டாரு. உருமாலக் கட்டிட்டு மேல ஏறுனேன். சுகந்தி முன்னால உக்காந்தேன். பட்டத்தக் கைல குடுத்தாங்க. ஆனா என்ற கண்ணெல்லாம் கீழதானுங்க இருந்துச்சு. எப்படி இல்லாம இருக்கும்? அவன் கேமராக்கிட்ட நிக்கறானே. கொழந்தைகளெல்லாம் குறுக்க நெடுக்க ஓடுது, பொம்பளைங்க சீர்த் தட்டத் தூக்கிட்டு நெருக்கியடிச்சுட்டு வர்றாங்க, இவன் என்னடான்னா ஸ்டேண்டச் சுத்தி ரெண்டு கையையும் விரிச்சுட்டு நிக்கறான். ஒருத்தரக் கிட்ட உடல. முதுக வளைச்சுட்டு, அந்தக் கூட்டத்தோட இடியெல்லாம் இவனே வாங்கிட்டு, அங்கிட்டு இங்கிட்டு நகராம. எனக்குத் தெரியாதா எதுக்குன்னு? ப்ளேட்டோட அளவக் கண்ணாலயே எடுக்கறான். காப்பியடிக்கறதுக்கு.

அருமைக்காரரு, மாமன், நெத்தியப் பாத்துக் கட்டுங்கன்னு ரெண்டு தடவை சொன்னாரு. நான் கட்டத்தான் கட்டுனேன். கொஞ்சம் எறங்கிப் புருவத்து மேல வந்துருச்சுன்னு சுகந்தியே கையால தூக்கி உட்டுக்கிச்சு. அதெல்லாம் ஒரு குத்தமா? அப்ப மேளம் உச்சத்துல அடிக்குது. கீழ பாக்கறேன், அவன் தோள்ல இருந்த துண்ட எடுத்துக் கண்ணத் தொடைக்கறானுங்க. மணவறையப் பாத்துட்டே தொடைக்கறான். எங்கூட்டுப் புள்ள கலியாணத்துல இவன் எதுக்கு அழுவறான்? நாலு பேரு பாக்கோணும்னு வேசம்னு நெனச்சேன். எனக்கு வந்த ஆத்திரத்துல மேடைய உட்டே எறங்கியிருப்பேன், முறைக்குப் பயந்துட்டு உக்காந்திருந்தேன்.

கலியாணம் முடிஞ்சு ஊட்டுல வெச்சு கேசட்டப் போட்டுப் பாத்தோம், நானும் ருக்குமணியும். தம்பி, சத்தியமாச் சொல்றேன், ஒரு மயிரிழை ஆடலீங்க. ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் அப்படியே நிக்குது படம். அந்தக் கூட்டத்துல, அந்த இடில. என்ற ப்ளேட்டு அப்படி. ருக்குமணிகிட்டப் பாத்தியான்னேன். பட்டம் கட்டற எடம் வந்ததும்தான் வாயத் தொறந்தா.

"ஏனுங்க, நீங்க புள்ள மூஞ்சிய ஒருக்காக்கூடப் பாக்கலீங்களே."

கேமராவப் பாக்கறதுதான வழக்கம், படத்துல மூஞ்சி விழுவோணும்லன்னு சொன்னேன். செரிதானுங்களே நான் சொன்னது? அவ மறுபடி போடுங்கன்னா. போட்டேன். சுகந்தி ஏதோ பேசறா பாருங்கன்னா.

பாத்தேன். ஆமாங்க, பேசறா. நான் பட்டத்து நூலை முடிஞ்சுட்டிருக்கறேன், அவ என்ற மணிக்கட்டப் புடிச்சிருக்கறா. அவ புடிச்சதே எனக்குத் தெரியல. என்ற மூஞ்சியப் பாத்துப் பேசறா. ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை இல்லீங்க, ரொம்ப நேரம் பேசறா. கண்ணுல தண்ணி வழியுது. பேசிட்டு, என்ற பதிலுக்குக் காத்திருக்கற மாதிரி அப்படியே பாக்கறா. நான் கீழ பாத்துட்டிருக்கறேன். அப்புறம் அவ கைய எடுத்துட்டுக் குனிஞ்சுக்கறா. சத்தத்த எவ்வளவு கூட்டி வெச்சாலும் மேளந்தான் கேக்குது. மொத வார்த்தை மாமான்னு ஒதடு போறத வெச்சு ருக்குமணி கண்டுபுடிச்சா. அதுக்கு மேல அவளாலயும் முடியல. எழுந்திருச்சு உள்ள போயிட்டா.

பெருந்துறைக்குப் போயி சுகந்திகிட்டயே கேட்டனுங்க. இப்ப அவ அங்கதான் இருக்கறா, மாப்பள ஊட்டுல. பட்டம் கட்டறப்ப ஏதோ சொன்னியே சாமி, மேளச் சத்தத்துல கேக்கல, என்ன சொன்னேன்னு கேட்டேன்.

"அன்னிக்குச் சொல்லோணும்னு இருந்துச்சு, சொன்னனுங் மாமா. இப்பக் கேட்டா எப்படிங் மாமா சொல்றது?"

சொல்லிட்டுக் காப்பி வெக்கப் போயிட்டா. மறந்திருப்பாளாட்ட இருக்குது. சின்னப் புள்ளதான. நல்லாத்தான் பேசுனா, காப்பி குடுத்தா, பலகாரம் வெச்சா, வாசல் வரைக்கும் வந்து அனுப்புனா. போயிட்டு வர்றேன்னு சொன்னா எப்பவும் இன்னொரு நாள் இருந்துட்டுப் போங்க மாமாம்பா. அன்னிக்குச் சொல்லல. வேலை இருந்திருக்கும்.

அதனாலதான் இன்னிக்கு ஈரோடு போயிட்டு வர்றேன். சவுண்டு வேலை பாக்கறவரு ஒருத்தரு இருக்கறாருன்னாங்க. மேளத்த மட்டும் எடுத்துட்டு அவ பேச்ச மட்டும் தனியாக் குடுங்கன்னு கேசட்டக் குடுத்தேன். போட்டுப் போட்டுப் பாத்தாரு. பாலும் தண்ணியும் கலந்த மாதிரி கெடக்குதுங்க, பிரிக்க முடியாதுன்னுட்டாரு. மைக்கு அப்படி. மைக்கு மேலதான் தப்பு. ப்ளேட்டு மேல ஒரு தப்பும் இல்ல, அவரே சொன்னாரு, படம் அருமையா நிக்குதுன்னு.

மைக்குக்குத்தானுங்க மேளம் மட்டும் கேக்கும். கிட்ட நிக்கற மனுசன் காதுக்குக் கேக்காம இருக்குமா? குழந்தைவேலு அந்த எடத்துலதான் நின்னான். அவ பேசி முடிக்கவும், அவன் துண்ட எடுக்கவும் செரியா இருந்துச்சு. நான்தான் அவனையே பாத்துட்டிருந்தனே, எனக்குத் தெரியாதா? எங்கிட்டச் சொன்னதுங்க அது. எனக்குன்னு சொன்னது. அது இப்ப அவங்கிட்ட இருக்குது.

பாருங்க, பேச்சு வாக்குல கவுந்தப்பாடியே வந்துருச்சு. நீங்க எறங்கற எடம் இதானுங்களே? அந்தப் பச்ச போர்டு தெரியுதா, மருந்துக் கடைக்கு அடுத்தாப்புல? அதான் அவன் கடை. உள்ள உக்காந்திருக்கறான் பாருங்க, சட்டைக் கையச் சுருட்டி உட்டுட்டு.

தம்பி, உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீன்னா ஒண்ணு செய்யறீங்களா? பாஸ்போர்ட் போட்டோ எடுக்கோணும்னு உள்ள போங்க. எடுக்கறப்ப அவனே ஊரு பேரு கேட்டுப் பேசுவான், அவன் அப்படித்தான், எல்லாருகிட்டயும் பேசுவான். அப்ப மெல்லக் கேளுங்க. பாவாத்தா பொண்ணு கலியாணத்துல, பட்டம் கட்டறப்ப, அந்தப் புள்ள மாமங்கிட்ட என்ன சொல்லுச்சுன்னு. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லீறாதீங்க. அவன் சொல்லுவானுங்க. அவன் அப்படியொண்ணும் கெட்டவன் இல்ல.

நான் இந்த வண்டிய உட்டுட்டு அடுத்த வண்டில போயிக்கறேன். அந்தா அந்தப் பேக்கரிக்குள்ள உக்காந்திருக்கறேன், வெளிய தெரியாது. அவன் சொல்றத அப்படியே கேட்டுட்டு வாங்க தம்பி. ஒரு வார்த்தை உடாம.